கட்டிக் கற்கண்டு வீட்டில் வளர்க்கிறோம், நூலில் சீனி ஒட்டவே இல்லை. வழி சொல்லுங்கள்

தல்லாகுளம்_அம்மா | மே 9, இரவு 9.40

வணக்கம். போன மாதம் கீழமாசி வீதியில் கட்டிக் கற்கண்டு கால் கிலோ வாங்கி வந்தேன். குழவியால் தட்டி உடைத்தபோது நடுவில் நூல் ஓடியிருந்தது. ஏழாம் வகுப்புக்குப் போகப்போகும் என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "கல்லுக்குள்ள நூலை யாரும்மா கோத்தது?" என்றாள். யாரும் கோக்கவில்லை, நூலைச் சுற்றித்தான் கல் வளர்ந்தது என்று சொன்னேன். அப்படியென்றால் நாமும் வளர்ப்போம் என்று ஒரே பிடிவாதம். லீவுதானே, சரி என்று இறங்கினேன். இரண்டு முறை செய்தும் வரவில்லை.

முதல் முறை மூன்று டம்ளர் சீனி, ஒரு டம்ளர் தண்ணீர். சீனி கரைந்ததும் இறக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினேன். தையல் நூலை நனைத்துச் சீனியில் புரட்டி, பென்சிலில் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்து நிமிடத்தில் நூலில் இருந்த சீனியைக் காணோம். ஆறு நாள் கழித்தும் நூல் மொட்டையாகவே நின்றது. மேலே மட்டும் பாலாடை மாதிரி ஏடு, அடியில் கொஞ்சம் படிவு.

இரண்டாம் முறை, தண்ணீர் அதிகமோ என்று நினைத்துக் கூடுதலாகப் பத்து நிமிடம் காய்ச்சினேன். காலையில் பார்த்தால் பாட்டில் முழுக்க வெள்ளையாக இறுகிக் கிடந்தது. நூலை இழுத்தேன், அறுந்து வந்தது. வெந்நீரில் அரை நாள் ஊறப்போட்டுத்தான் பாட்டிலைக் கழுவ முடிந்தது.

நாங்கள் இருப்பது மாடி வீடு. தளத்தில் வெயில் நேராக இறங்கும். எறும்பும் அதிகம். கோளாறு வெயிலிலா, அளவிலா? பள்ளி திறப்பதற்குள் ஒரு குச்சியாவது அவள் கையில் கொடுக்க வேண்டும்.

உசிலை_22 | மே 9, இரவு 10.15

அக்கா, எங்கள் வீட்டில் பாகு காய்ச்சும்போது எலுமிச்சை பிழிவார்கள், பாகு பளிச்சென்று வரும். நீங்களும் அரை மூடி பிழிந்து பாருங்கள். சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டால் உடம்புக்கும் நல்லது.

சிம்மக்கல்_பலகாரம் | மே 10, காலை 6.20

தம்பி, அந்த இரண்டையும் செய்யச் சொல்லாதீர்கள். இருபது வருடமாக வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன், பாகு எனக்குக் கைப்பழக்கம். ஜாங்கிரி ஜீராவில் எலுமிச்சை பிழிவதே ஜீரா மறுபடியும் சீனியாக உறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். புளிப்பு சேர்ந்தால் சீனி உடைந்து வேறு இரண்டு சர்க்கரையாகப் பிரிந்துவிடும். அப்புறம் மணி பிடிக்காது, அதாவது சீனி கல்லாகத் திரளாது. இந்த அம்மாவுக்கு வேண்டியது மணி பிடிப்பது. ஒரு சொட்டுக்கூட வேண்டாம். நாட்டுச் சர்க்கரையிலும் அந்தப் பிரிந்த சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, கழிவுப்பாகும் கலந்திருக்கிறது. அதைக் காய்ச்சினால் அச்சு வெல்லம் மாதிரி இறுகும், கண்ணாடிக் கல்லாக வராது.

தல்லாகுளம் அம்மா, உங்கள் இரண்டாவது பாகு பதம் தாண்டிவிட்டது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். விரலைப் பிரிக்கும்போது கம்பி இழுத்தால் உங்களுக்கு அது அதிகம். பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், ஆனால் கம்பி வரக் கூடாது. குலாப் ஜாமூனுக்கு வைப்பதைவிடச் சற்றுக் கெட்டி, அவ்வளவுதான்.

இன்னொன்று, கரைந்த பிறகு கரண்டி போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்காதீர்கள். கிண்டினால் பாத்திரத்தின் ஓரத்தில் சீனி பூக்கும். ஓரத்தில் பூத்த சீனி உள்ளே விழுந்தால் பாகு மொத்தமும் கெட்டது.

ஆலையில்_இருந்தவன் | மே 10, பிற்பகல் 3.05

சிம்மக்கல் அம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி. நான் சர்க்கரை ஆலையில் பான் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பான் என்பது சாற்றைச் சுண்டவைத்து மணி பிடிக்கவைக்கும் பெரிய கொப்பரை. அங்கே செய்வதும் உங்கள் பாட்டிலில் நடப்பதும் ஒரே வேலை. கணக்கு தெரிந்தால் வெயிலிலும் செய்யலாம்.

100 மில்லி தண்ணீரில் எவ்வளவு சீனி கரையும் என்பது சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 200 கிராம், 30 டிகிரியில் சுமார் 215, 40 டிகிரியில் சுமார் 235, 50 டிகிரியில் ஏறக்குறைய 260. கொதிநிலையில் 480ஐத் தாண்டும். சூடாகக் கரைத்து ஆறவிட்டால், அந்தச் சூட்டுக்குத் தாங்கக்கூடிய அளவைவிடக் கூடுதல் சீனி பாகில் நிற்கும். வெளியே வரத் துடிக்கும் அந்தக் கூடுதல்தான் கற்கண்டாக வளரும்.

இப்போது உங்கள் முதல் பாகைப் பாருங்கள். சீனி தண்ணீரைவிடப் பொலபொலவென்று நிற்கும். ஒரு டம்ளரில் 200 கிராம் தண்ணீர் பிடித்தால் சீனி 170 கிராம் அளவில்தான் பிடிக்கும். ஆக மூன்று டம்ளர் சீனிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது எடைக் கணக்கில் 100க்குச் சுமார் 250. குளிர் நாட்டில் 20 டிகிரி அறையில் வைத்தால் 50 கிராம் கூடுதல், நன்றாக வளரும். அந்த அளவு அவர்கள் ஊருக்கு எழுதியது. மே மாதம் மதுரை மாடியில், பகல் 38, 40 டிகிரியில், வெறும் 15 கிராம்தான் கூடுதல். அதையும் மேலே கட்டிய ஏடும் அடியில் விழுந்த படிவும் தின்றுவிட்டன. நூலுக்கு என்ன மிஞ்சும்?

சரி, அப்படியானால் சீனியை ஏற்றிக்கொண்டே போகலாமா? கூடாது. தாங்கும் அளவைப்போல் 1.2 மடங்கு வரை பாகு அமைதியாக இருக்கும். புது மணி தானாகப் பிறக்காது, ஏற்கெனவே இருக்கும் மணி மட்டும் வளரும். 1.3 மடங்கைத் தாண்டினால் தொட்ட இடமெல்லாம் புது மணி பிறக்கும், ராத்திரியோடு ராத்திரியாக எல்லாம் இறுகிப்போகும். உங்கள் இரண்டாவது பாட்டில் அதுதான். ஆலையில் எங்கள் வேலையே அந்த இடைவெளிக்குள் பாகை நிறுத்துவது. சீனி மாவை ஸ்பிரிட்டில் குழைத்து விதையாக விடுவோம். பிறகு கண்ணாடித் துண்டில் ஒரு துளி தடவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். பெரிய மணிகளுக்கு நடுவே தூசி மாதிரி பொடி மணி தெரிந்தால் மனசு பதறும். கொஞ்சம் தண்ணீர் விட்டு அந்தப் பொடியை மட்டும் கரைக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு: 650 கிராம் சீனி, 250 மில்லி தண்ணீர். அதாவது 100க்கு 260. டம்ளர் வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே எழுதி வையுங்கள். காய்ச்சி இறக்கியதும் மறுபடி நிறுங்கள். பாகு 900 கிராம் இருக்க வேண்டும். 870தான் இருக்கிறதென்றால் 30 கிராம் தண்ணீர் ஆவியாகிவிட்டது. அவ்வளவு வெந்நீரைத் திரும்ப விட்டு, ஒரே ஒரு முறை கலக்கிவிடுங்கள். இதைச் செய்தால் விரல் பதம் தெரியாதவர்களுக்கும் பாகு தப்பாது.

கொதிக்கும்போது இரண்டு நிமிடம் மூடி போட்டு வையுங்கள். மூடியில் படும் ஆவி சொட்டாக இறங்கிப் பாத்திரத்தின் ஓரத்துச் சீனியைக் கழுவிவிடும். பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். ஊற்றுவதை நீங்களே செய்யுங்கள், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கொதிநீரைவிடக் கெட்ட புண்.

நூலை எப்போது விடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தப் பாகு 50 டிகிரிக்கு மேல் இருந்தால் விதையைக் கரைத்துவிடும். உங்கள் ஐந்து நிமிடக் கதை அதுதான். பாட்டிலைத் தொட்டால் இளஞ்சூடு, கை பொறுக்கிறது என்ற நிலைக்கு வரட்டும். அதுவரை மூடி வையுங்கள். விதைச் சீனி ஒட்டிய நூல் முந்தின நாளே தயாராகி, மொரமொரவென்று காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் உதிர்ந்து அடியில் விழுந்து அங்கே வளரும்.

உசிலை_22 | மே 10, மாலை 4.30

எலுமிச்சை பற்றித் தெரியாமல் சொல்லிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. ஐயா, ஒரு கேள்வி. வெயில்தான் பிரச்சினை என்றால் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமே?

மேலூர்_வாத்தியார் | மே 10, இரவு 8.50

ஃபிரிட்ஜை நான் செய்து பார்த்திருக்கிறேன், பிள்ளைகளோடு அறிவியல் கண்காட்சிக்காக. பாகு தேன் மாதிரி கெட்டியாகி, குச்சியைச் சுற்றி மங்கலாக வெண்மை படர்ந்தது. தெளிவான ஒரு முகம்கூட, அதாவது மணியின் தட்டையான பக்கம்கூட, கிடைக்கவில்லை. குளிர்ந்தால் சீனி வெளியே வரத் துடிப்பது கூடும், ஆனால் அந்தக் கெட்டிப் பாகில் நகர்ந்து குச்சிக்கு வந்து சேர முடியாது. நின்ற இடத்திலேயே பொடி மணியாகிவிடும்.

ஆலை ஐயாவிடம் ஒரு சிறு மாறுபாடு. இரவில் குளிர்வது வளர்ச்சிக்கு உதவும்தானே? பகலில் சூடு, இரவில் குளிர் என்று இருந்தால் இரவெல்லாம் வளருமே.

ஆலையில்_இருந்தவன் | மே 11, காலை 5.45

வாத்தியார் ஐயா, இரவில் வளருவது உண்மை. ஆனால் பகலில் பாகு தாங்கும் அளவு ஏறி, கூடுதல் தீர்ந்துபோனால் மணி திரும்பக் கரைய ஆரம்பிக்கும். முதலில் கரைவது முனையும் விளிம்பும். நாலு நாள் இப்படி ஏறி இறங்கினால் முகம் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இருக்கும். பகல் உச்சியிலும் கொஞ்சம் கூடுதல் மிச்சம் இருக்கிறபடி அளவு போட்டால் நீங்கள் சொல்கிற மாதிரி இரவு லாபம்தான். அதற்காகத்தான் 100க்கு 250 என்பதை 260 ஆக்கினேன். ஏற்ற இறக்கத்தையும் குறைத்தால் நல்லது. பாட்டிலைக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறையில், கழுத்தளவு தண்ணீர் நிற்கும் பெரிய வாளிக்குள் வையுங்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும்.

வாளித் தண்ணீருக்கு இன்னொரு பலன், எறும்பு தாண்டாது.

மேலூர்_வாத்தியார் | மே 11, காலை 7.10

ஒப்புக்கொள்கிறேன். என் பள்ளிப் பிள்ளைகளின் மணிகள் மழுங்கியதற்கும் இப்போது காரணம் தெரிந்தது. தகரக் கூரை போட்ட அறையில் வைத்திருந்தோம்.

பனைக்காடு | மே 11, பகல் 12.30

நான் ராமநாதபுரம் பக்கம், இப்போது மதுரையில் வேலை. இதைப் படித்ததும் தாத்தா வீடுதான் நினைவுக்கு வந்தது. பனங்கற்கண்டு இதே வித்தைதான். பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, மூடி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பார்கள். சின்ன வயதில் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். தாத்தா அடிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு முழுதும் என்னிடம் பேசவில்லை. அசைத்தால் பொடியாகப் போய்விடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குவார்கள், கள்ளாகிப் புளிக்காமல் இருக்க. மேலே சிம்மக்கல் அக்கா புளிப்பு சீனியை உடைக்கும் என்று எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தச் சுண்ணாம்புக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறதோ என்று தோன்றுகிறது. சரியா?

ஆலையில்_இருந்தவன் | மே 11, பிற்பகல் 2.15

மிகச் சரி. ஆலையிலும் கரும்புச் சாற்றில் முதலில் சேர்ப்பது சுண்ணாம்புதான். அழுக்கைத் திரட்டவும் உதவும், புளிப்பை முறித்துச் சர்க்கரையையும் காப்பாற்றும். உங்கள் தாத்தாவும் நாங்களும் ஒரே தொழில்.

சிம்மக்கல்_பலகாரம் | மே 11, மாலை 6.00

நூல் பற்றி ஒரு யோசனை. தையல் நூல் வழவழப்பு, சீனி சரியாகப் பிடிக்காது. திரி நூல் இருந்தால் எடுங்கள். பூக்கட்டும் வாழைநாரும் நல்லது. மல்லிகைச் சரம் வாங்கினால் பூ வாடிய பிறகு நாரைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம், சொரசொரப்பு அதிகம். கீழே நூல் மிதக்காமல் இருக்க ஒரு கற்கண்டுத் துண்டையே கட்டிவிடுங்கள்.

தல்லாகுளம்_அம்மா | மே 13, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஆரம்பித்தோம். கீழ்வீட்டு ஆச்சி தன் உள்ளறையில் இடம் கொடுத்தார்கள். காய்ச்சி இறக்கியதும் நிறுத்தால் 862 கிராம், அதாவது 38 கிராம் தண்ணீர் போய்விட்டது. இதைத் தெரியாமல்தான் அன்றைக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் காய்ச்சியிருக்கிறேன். வெந்நீர் விட்டுச் சரிசெய்தேன். ஒரு பாட்டிலில் திரி நூல், ஒரு சின்ன பாட்டிலில் வாழைநார். இரண்டும் திங்கட்கிழமையே சீனியில் புரட்டிக் காயவைத்தவை.

பாட்டில் வாயை மெல்லிய வேட்டித் துணியால் கட்டலாமா, இல்லை மூடியே போடலாமா?

ஆலையில்_இருந்தவன் | மே 14, காலை 5.50

துணி. தண்ணீர் மெதுவாக ஆவியானால் கூடுதல் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். மேலே ஏடு கட்டினால் கரண்டியால் அமுக்காதீர்கள், உள்ளே உடைந்து விழும் ஒவ்வொரு துண்டும் ஒரு விதை. நூலைச் சுற்றி மெல்ல விலக்கி, ஏட்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

தல்லாகுளம்_அம்மா | மே 17, இரவு 8.40

ஐந்தாம் நாள். திரி நூலில் பிடித்துவிட்டது! முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை, மகள் முகம் வாடிப்போயிருந்தாள். மூன்றாம் நாள் டார்ச்சைப் பாட்டிலுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தோம். நூலின் ஓரம் நேர்க்கோடாக இல்லை, ரம்பப் பல் மாதிரி இருந்தது. இன்றைக்கு ஒவ்வொரு பல்லும் மிளகு அளவு. பக்கங்கள் தட்டையாக, சாய்வாக வெட்டிவிட்டது போல இருக்கின்றன. வாழைநாரில் மணி எண்ணிக்கை அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் கடுகு அளவுதான்.

கடைச் சீனி மணியை பூதக்கண்ணாடியில் பார்த்து, பாட்டிலில் இருப்பதோடு ஒப்பிட்டு நோட்டில் வரைந்திருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி சாய்வு முகங்கள் என்று அவளே கண்டுபிடித்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேலூர்_வாத்தியார் | மே 17, இரவு 9.30

அந்த நோட்டுப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. கண்ணுக்குத் தெரியாத அளவில் சீனித் துகள்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்படுகின்றனவோ அந்த ஒழுங்குதான் வெளியே முகமாகத் தெரிகிறது. மணி சின்னதானாலும் பெரியதானாலும் முகங்களுக்கு நடுவில் உள்ள கோணம் மாறாது. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

வாழைநாரில் பொடியாக வந்ததற்குக் காரணம் விதை அதிகம். இருக்கிற சீனியை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

உசிலை_22 | மே 18, காலை 10.00

படிகாரமும் இப்படி வளருமாமே, சீக்கிரம் வரும் என்கிறார்கள்?

மேலூர்_வாத்தியார் | மே 18, காலை 11.20

வளரும், அழகாக எண்முகமாக வரும். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் அது தின்பதற்கு அல்ல. மயில்துத்தம் இன்னும் மோசம், நஞ்சு. அதற்குப் பயன்படுத்திய பாட்டிலையும் கரண்டியையும் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுவரவே கூடாது. பார்க்க நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடும். வீட்டில் சீனியே போதும்.

தல்லாகுளம்_அம்மா | மே 23, இரவு 9.50

பதினோராம் நாள், வெளியே எடுத்தோம். பாகு சொட்டி முடிய ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, விதை போட்டபோது 4 கிராம் இருந்த திரி நூலை நிறுத்துப் பார்த்தால் 41 கிராம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நூல் முறுக்கு முறுக்காகத் தெரிகிறது. கடைக் கற்கண்டு அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் அதைவிடத் தெளிவு. ஒரு முகம் சுண்டுவிரல் நகம் அகலம், அதில் டியூப்லைட் அப்படியே கோடாக விழுந்தது.

மீதிப் பாகை என்ன செய்வது?

சிம்மக்கல்_பலகாரம் | மே 24, காலை 6.30

கொஞ்சம் சீனி சேர்த்து மறுபடி ஒருமுறை காய்ச்சி இன்னொரு நூல் விடலாம். அதற்கு மேல் வேண்டாம். காய்ச்சக் காய்ச்சப் பாகு மஞ்சளாகும், சீனி உடையும், மணி பிடிப்பது குறையும். பிறகு எலுமிச்சை ஜூஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எலுமிச்சை பிழியலாம், உசிலைத் தம்பிக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.

மேலூர்_வாத்தியார் | மே 24, இரவு 8.15

அம்மா, வளர்த்ததை எல்லாம் தின்றுவிடாதீர்கள், ஒரு துண்டு வையுங்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, திரையை இழுத்துவிட்டு, கால் மணி நேரம் இருட்டிலேயே உட்காருங்கள். கண் பழகிய பிறகு நன்றாகக் காய்ந்த கற்கண்டைக் குறடால் நறுக்கென்று உடையுங்கள். உடையும் நொடியில் மங்கலான நீல வெளிச்சம் மின்னும். மணி பிளக்கும்போது இரு பக்கமும் எதிரெதிர் மின்னேற்றம் சேர்ந்து, நடுவிலுள்ள காற்றில் பொறியாகப் பாய்வதுதான் அது. ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேகன் 1620இல் வெளிவந்த நூலிலேயே இருட்டில் சீனிக்கட்டி ஒளிர்வதைக் குறித்திருக்கிறார்.

தல்லாகுளம்_அம்மா | மே 26, இரவு 10.30

பார்த்துவிட்டோம் ஐயா. முதல் இரண்டு துண்டில் ஒன்றும் தெரியவில்லை, நான் கண் பழகுவதற்குள் அவசரப்பட்டேன். மூன்றாவதில் தெரிந்தது. பளிச்சென்று இல்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு நீலக் கீற்று. கீழ்வீட்டு ஆச்சியும் கூட இருந்தார்கள். எழுபது வருடமாகக் கற்கண்டு உடைத்திருக்கிறேன், ஒருநாளும் இருட்டில் உடைத்ததில்லை என்றார்கள்.

மகளுக்கு இப்போது நூலே இல்லாமல் ஒற்றைக் கல்லாகப் பெரிதாக ஒன்று வளர்க்க வேண்டுமாம். அது முடியுமா?

ஆலையில்_இருந்தவன் | மே 27, காலை 5.40

முடியும், ஆனால் இப்போது வேண்டாம். மார்கழி வரட்டும், ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கும், பகலும் கொதிக்காது. ஒற்றைக் கல்லுக்கு அவசரம் ஆகாது. 100க்கு 225 கிராம் போதும். இந்த முறை கிடைத்ததில் முகம் உடையாத, விரிசல் இல்லாத ஒரு மணியை இப்போதே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், அதுதான் விதை. கட்டுவதற்குத் தூண்டில் நரம்பு வாங்குங்கள். அது வழவழப்பாக இருப்பதால் அதன்மேல் வேறு மணி பிடிக்காது.